கட்டுப்பாட்டுக் கருவிகளில் சமிக்ஞைப் பழுதறிதல்

தானாக இயங்கும் இயந்திரம் எதுவாயினும், தன்னைச் சூழ நிகழ்வனவற்றை அறிந்துகொள்ள அதற்கு ஒரு வழி இருத்தல் வேண்டும். நீர்த்தொட்டி நிரம்பியதும் பம்பு நிற்க வேண்டுமாயின், தொட்டி நிரம்பிற்று என்னும் செய்தி பம்பை ஆளும் கருவிக்கு எட்டியாக வேண்டும். கொதிகலனில் அழுத்தம் மிகும்போது எரிபொருள் குறைய வேண்டுமாயின், அவ்வழுத்தத்தின் அளவு இடையறாது தெரிந்துகொண்டே இருத்தல் வேண்டும். இத்தகைய செய்திகளைத் தாங்கி வரும் மின்குறிகள் உட்சமிக்ஞைகள் எனப்படும். கட்டுப்பாட்டுக் கருவிக்குக் கண்ணுமில்லை, காதுமில்லை. தன் இணைப்பு முனைகளில் வந்து சேரும் மின்சாரம் ஒன்றைக் கொண்டே அது வெளியுலகை அறிகின்றது. அம்மின்சாரம் தவறான செய்தியைக் கூறுமாயின், குறையற்ற நிரலும் தவறான செயலையே செய்யும்.

ஆகவே, பழுதான உட்சமிக்ஞையைக் கண்டறிந்து நீக்குவது எங்ஙனம் என்பதைத் தொழிற்சாலைகளிலும், நீரேற்று நிலையங்களிலும், ஆய்வுக்கூடங்களிலும் பணியாற்றுவோர் அனைவரும் அறிந்திருத்தல் நலம். ஒரு சமிக்ஞையைப் பழுதானது என்று முடிவு கட்டுமுன் எவற்றை ஆராய வேண்டும் என்பதை அறிவது அதனினும் இன்றியமையாதது. இவ்விரண்டும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

கருவியின் அமைப்பு

1960-களின் இறுதி வரை இயந்திரங்களின் இயக்க வரிசையை ரிலேக்கள் நிறைந்த பெரிய அலமாரிகளே ஆண்டு வந்தன. உற்பத்தி செய்யும் பொருளின் வடிவம் மாறுந்தோறும் நூற்றுக்கணக்கான கம்பிகளை அவிழ்த்து, மீண்டும் வேறு வகையாகப் பூட்ட வேண்டியிருந்தது. இத்தொல்லையை நீக்கும் கருவி ஒன்று வேண்டுமென 1968-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஹைட்ராமேட்டிக் பிரிவு கேட்டது. ரிச்சர்ட் மார்லியும் அவருடைய தோழர்களும் அமைத்த மோடிகான் 084 என்னும் கருவி 1969-ல் பயனுக்கு வந்தது. கம்பிகளை மாற்றாமல், நிரலை மட்டும் மாற்றி இயக்க வரிசையை மாற்ற அது வழி செய்தது. இன்று பி.எல்.சி. என்று பணியாளர்கள் வழங்கும் கருவி இதன் வழிவந்ததே.

இக்கருவி மூன்று செயல்களை ஓயாது திரும்பத் திரும்பச் செய்கின்றது. முதலில் உட்சமிக்ஞைகள் அனைத்தையும் படித்துக்கொள்கின்றது. அடுத்து, நிரலின்படி முடிவு செய்கின்றது. பின்னர் மோட்டார், வால்வு முதலியவற்றுக்குக் கட்டளை அனுப்புகின்றது. இச்சுற்று முழுவதும் சில மில்லிநொடிகள் முதல் சில பத்து மில்லிநொடிகளுக்குள் முடிந்துவிடும்.

உட்சமிக்ஞைகள் இரு வகைப்படும். "உண்டு", "இல்லை" என்னும் இரு நிலைகளை மட்டும் கூறுவன ஒரு வகை. 24 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்கும் சாதாரண இன்புட் அட்டையில், 15 வோல்ட்டும் அதற்கு மேற்பட்டதும் "உண்டு" எனவும், 5 வோல்ட்டும் அதற்குக் கீழ்ப்பட்டதும் "இல்லை" எனவும் கொள்ளப்படும். இவற்றுக்கு இடைப்பட்ட மின்னழுத்தத்திற்கு உறுதியான பொருள் இல்லை. வெப்பம், அழுத்தம், நீர்மட்டம் போன்று படிப்படியாக மாறும் அளவுகளைக் கூறுவன இரண்டாவது வகை. இவை பெரும்பாலும் 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக அனுப்பப்படுகின்றன.

திருவனந்தபுரம் தரும் பாடம்

தொழிற்சாலைக் கருவிக்குக் கூறிய இவ்விதிகள் ராக்கெட்டுக்கும் பொருந்தும். ராக்கெட்டிலும் உணர்கருவிகள் உள. அவற்றின் சமிக்ஞைகளைப் படித்து முடிவு செய்யும் கணிப்பொறி உண்டு. அம்முடிவின்படி திரும்பும் எஞ்சின்கள் உண்டு. பழுதை ஆராய்ந்து திருத்த நடுவழியில் நிறுத்த இயலாது என்பதே வேறுபாடு. ஆதலின், சமிக்ஞை பழுதா அன்றா என்னும் தீர்ப்பையும் அக்கணிப்பொறியே தனித்து வழங்க வேண்டியிருக்கின்றது.

திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் 1963 நவம்பர் 21-ஆம் நாள் முதல் ஆராய்ச்சி ராக்கெட் ஏவப்பட்டது. அங்கு வளர்ந்த விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் இந்திய ஏவுகலங்களை வடிவமைக்கும் தலைமை நிலையமாக விளங்குகின்றது. ஏவுகலம் தன் வேகத்தையும் திசையையும் தானே அறிவதற்கு வேண்டிய கருவிகளை அந்நகரின் வட்டியூர்க்காவில் அமைந்துள்ள இஸ்ரோவின் பிரிவு ஒன்று ஆக்குகின்றது. அக்கருவிகளுள் முடுக்கமானி ஒன்று. வேகம் மாறும் வீதத்தை அது அளக்கின்றது. அவ்வளவுகளை நொடிதோறும் கூட்டிக்கொண்டே வந்து, தான் எவ்வளவு வேகத்தில் செல்கின்றது என்பதைக் கலத்தின் கணிப்பொறி கணக்கிட்டுக்கொள்ளும்.

2022 ஆகஸ்ட் 7-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறிய ஏவுகலம் முதன்முறையாக ஏவப்பட்டது. ஏறத்தாழ 34 மீட்டர் உயரமும் 120 டன் எடையும் உடைய அக்கலம், புவி நோக்கும் செயற்கைக்கோள் ஒன்றையும், ஆசாதிசாட் என்னும் சிறு கோளையும் தாங்கிச் சென்றது. பின்னதில் வைத்திருந்த 75 சிறு கருவிகளை நாட்டின் பல பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் உருவாக்கியிருந்தனர். ஏவுகலம் செவ்வனே எழும்பியது. இரண்டாம் கட்டம் பிரிந்தபோது, கருவிகள் பொருத்திய மேடையில் மிகக் குறுகிய நேரம் கடுமையான அதிர்வு ஏற்பட்டது. அவ்வதிர்வை முடுக்கமானிகள் உணர்ந்தன. உணர்கருவிகளின் பழுதைக் கண்டு விலக்குவதற்கென அமைந்த நிரற்பகுதி, அவ்வளவுகளை நோக்கி, முடுக்கமானிகள் பழுதுற்றன என்று தீர்ப்புக் கூறிவிட்டது. உடனே கலம், உணர்கருவிகள் கெட்டபோது கையாள வேண்டிய மாற்று முறைக்கு மாறியது. இறுதியில், 356 கிலோமீட்டர் உயரமுள்ள வட்டப்பாதைக்குப் பதிலாக, ஒருபுறம் 356 கிலோமீட்டரும் மறுபுறம் 76 கிலோமீட்டரும் உயரமுள்ள நீள்வட்டப்பாதையிலே கோள்கள் விடப்பட்டன. 76 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மண்டலத்தின் தடை மிகுதி. ஆதலால் கோள்கள் நிலைத்துச் சுற்ற இயலாது பயனற்றுப் போயின.

இதில் வேகக் குறைவு எத்துணைச் சிறிது என்பது கருதத்தக்கது. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்றுவதற்கு நொடிக்கு ஏறத்தாழ 7.69 கிலோமீட்டர் வேகம் வேண்டும். மேற்கூறிய நீள்வட்டத்தின் உச்சியில் வேகம் ஏறத்தாழ 7.61 கிலோமீட்டர். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நூற்றில் ஒரு பங்கு அளவே. ஒரு குறுகிய நேரத்துச் சமிக்ஞையைப் பற்றிய தவறான தீர்ப்பு, பல ஆண்டு உழைப்பை இங்ஙனம் வீணாக்கிற்று.

பிழை யாண்டு நேர்ந்தது? முடுக்கமானிகள் பொய் கூறவில்லை. மேடை உண்மையாகவே அதிர்ந்தது. அவ்வதிர்வையே அவை கூறின. அதிர்வு நொடிப்பொழுதில் அடங்கியது, தீர்ப்போ நிலைத்துவிட்டது. கருவிகள் பல இருந்தும் அவை ஒரே மேடையில் அமைந்திருந்தமையால், ஒன்றைத் தாக்கிய அதிர்வு ஏனையவற்றையும் ஒருங்கே தாக்கியது. இவற்றை ஆராய்ந்த விஞ்ஞானிகள் இரண்டு திருத்தங்களைச் செய்தனர். இரண்டாம் கட்டத்தைப் பிரிக்கும் அமைப்பை மாற்றி அதிர்வைக் குறைத்தனர். பழுதைத் தீர்மானிக்கும் நிரலையும் திருத்தினர். 2023 பிப்ரவரி 10-ஆம் நாள் ஏவப்பட்ட இரண்டாவது எஸ்.எஸ்.எல்.வி. மூன்று கோள்களை 450 கிலோமீட்டர் உயரப் பாதையில் செம்மையாகச் சேர்த்தது. அவற்றுள் ஒன்று, மாணவிகளின் ஆசாதிசாட்-2.

மற்றொரு வகைப் பிழை

இதற்கு நேர்மாறான பிழை ஒன்று 1996 ஜூன் 4-ஆம் நாள் ஐரோப்பிய நாடுகளின் ஏரியன் 5 ராக்கெட்டில் நேர்ந்தது. தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து முதன்முறையாக ஏவப்பட்ட அக்கலத்தில், திசையறியும் கருவிகள் இரண்டு இருந்தன. ஒன்று கெட்டால் மற்றொன்று உதவும் என்பது கருத்து. ஆனால் இரண்டிலும் ஒரே நிரல் இருந்தது. எதிர்பார்த்ததினும் பெரிய எண் ஒன்றை அந்நிரல் சிறிய இடத்தில் அடக்க முற்பட்டதால், இரண்டு கருவிகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் செயலற்றன. செயலற்ற கருவி தன் பழுதைக் குறிக்கும் எண்களை அனுப்பியது. தலைமைக் கணிப்பொறி அவ்வெண்களைப் பறப்பு அளவுகள் என்றே கொண்டு, எஞ்சின்களின் முனைகளை முழுவதுமாகத் திருப்பியது. கலம் உடைந்து அழிந்தது.

ஓரிடத்தில் மெய்ச் சமிக்ஞை பொய்யெனத் தள்ளப்பட்டது. மற்றோரிடத்தில் பொய்ச் சமிக்ஞை மெய்யெனக் கொள்ளப்பட்டது. தொழிற்சாலையில் பழுதறியும் பணியாளரும் இவ்விரு பிழைகளுக்கும் இடையிலேதான் நடக்க வேண்டியவராகின்றார். இன்புட் அட்டையின் விளக்கு எரியவில்லை என்றவுடன் உணர்கருவியைக் கழற்றி எறிவது முதல் வகைப் பிழை. திரையில் அளவு ஒன்று தெரிகின்றதாகலின் அது சரியே என்று வாளாவிருப்பது இரண்டாவது வகைப் பிழை.

நான்கு சாட்சிகள்

பழுதைத் தேடும்போது, உணர்கருவியிலிருந்து நிரல் வரை உள்ள பாதையில் நான்கு இடங்களை வரிசையாக நோக்குதல் வேண்டும். உண்மையான பொருளின் நிலை முதலாவது. உணர்கருவியின் மீதுள்ள சிறு விளக்கு இரண்டாவது. இன்புட் அட்டையில் அந்த முனைக்குரிய விளக்கு மூன்றாவது. நிரலைக் காட்டும் திரையில் தெரியும் நிலை நான்காவது. இந்நான்கும் ஒன்றையே கூறினால், உட்சமிக்ஞையில் பழுது இல்லை. நிரலிலோ, வெளிச்செல்லும் கட்டளையிலோ ஆராய வேண்டும். எந்த இரு சாட்சிகளுக்கிடையே முரண்பாடு தோன்றுகின்றதோ, அவற்றின் நடுவிலேயே பழுது உள்ளது.

பொருளின் நிலையைக் கண்ணால் பார்த்து அறிவதையே முதலிற் செய்தல் வேண்டும். தொட்டி நிரம்பவில்லை என்று சமிக்ஞை கூறுமாயின், தொட்டியை ஏறிப் பார்க்க வேண்டும். மிதவையில் பாசி பற்றியிருக்கலாம். ஒளியால் இயங்கும் உணர்கருவியின் கண்ணாடியில் தூசு படிந்திருக்கலாம். உலோகத்தை உணரும் கருவி அதிர்வினால் சற்றே விலகி, உணரும் எல்லைக்கு அப்பால் சென்றிருக்கலாம். இவற்றுக்கு மீட்டர் வேண்டுவதில்லை. துணியும் சாவியும் போதும்.

உணர்கருவியின் விளக்கு எரிந்து, அட்டையின் விளக்கு எரியாதிருப்பின், அட்டையின் முனைக்கும் பொதுமுனைக்கும் இடையே மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். ஏறத்தாழ 24 வோல்ட் இருந்தும் விளக்கு எரியாவிடில், அட்டையிலோ பொதுமுனையின் இணைப்பிலோ பழுது உள்ளது. மின்னழுத்தமே இல்லையெனில், கம்பி அறுந்திருக்கும் அல்லது திருகு தளர்ந்திருக்கும். 9 அல்லது 10 வோல்ட் போன்ற இடைப்பட்ட அளவு தெரியுமாயின், துருப்பிடித்த இணைப்பு, நீர் புகுந்த பெட்டி, தளர்ந்த மின்வழங்கி ஆகியவற்றுள் ஒன்றை ஐயுறலாம். இந்நிலையில்தான் சமிக்ஞை சில வேளை "உண்டு" எனவும் சில வேளை "இல்லை" எனவும் மாறி மாறித் தோன்றி, பணியாளரை மயக்கும்.

ஓர் அட்டையிலுள்ள முனைகள் பலவும் ஒருங்கே செயலற்றால், உணர்கருவிகளைத் தனித்தனியே ஆராய்வது வீண். அவற்றுக்குப் பொதுவான மின்வழங்கி, ஃபியூஸ், பொதுக்கம்பி இவற்றையே முதலில் நோக்க வேண்டும். ஒரே ஒரு முனையில் மட்டும் ஐயம் இருப்பின், இயந்திரத்தை நிறுத்திய பின், அக்கம்பியை நன்கு இயங்கும் வேறொரு முனைக்கு மாற்றிப் பார்க்கலாம். பழுது கம்பியோடு சென்றால் வெளியிலும், பழைய முனையிலேயே தங்கினால் அட்டையிலும் உள்ளது என்பது துணிபு.

புதிதாகப் பொருத்திய உணர்கருவி தொடக்கத்திலிருந்தே இயங்காவிடில், அதன் வகையைக் கவனித்தல் வேண்டும். பி.என்.பி. வகை நேர்முனையை அளிக்கும், என்.பி.என். வகை எதிர்முனையோடு இணைக்கும். அட்டை ஒன்றை எதிர்பார்க்க, கருவி மற்றொன்றாக இருப்பின், இரண்டும் பழுதற்றவையாயினும் சமிக்ஞை பிறவாது. இரண்டு கம்பிகள் மட்டுமுள்ள உணர்கருவிகளில், "இல்லை" என்னும் நிலையிலும் சிறிதளவு மின்னோட்டம் கசியும். நுண்ணிய அட்டைகள் சில அதனையே "உண்டு" என்று கொண்டுவிடும். முனைக்கும் பொதுமுனைக்கும் இடையே தக்க மின்தடை ஒன்றை இணைத்தால் இக்குறை நீங்கும்.

தொடர் அளவுகளின் பழுது

4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான முறையில், சுழியைக் குறிக்க 4 மில்லிஆம்பியரை வைத்ததற்குக் காரணம் உண்டு. 10 மீட்டர் ஆழமுள்ள தொட்டி முற்றும் வற்றியிருக்கும்போது 4 மில்லிஆம்பியரும், பாதி நிறைந்திருக்கும்போது 12 மில்லிஆம்பியரும் ஓடும். கம்பி அறுந்தால் மின்னோட்டம் சுழியாகும். ஆகவே தொட்டி வற்றியதற்கும் கம்பி அறுந்ததற்கும் உள்ள வேறுபாடு கருவிக்குத் தெளிவாகத் தெரிகின்றது. பழுதுற்ற உணர்கருவி தானே 3.6 மில்லிஆம்பியருக்குக் கீழோ 21 மில்லிஆம்பியருக்கு மேலோ மின்னோட்டத்தைச் செலுத்தித் தன் பழுதை அறிவிக்கும் வழக்கமும் உண்டு. ஏரியன் 5-ன் பழுதுக்குறியைப் பறப்பு அளவாகக் கொண்டது போன்ற பிழை நேராதிருக்க, இவ்வெல்லைகளை நிரலில் சோதிக்க வேண்டும்.

எல்லைக்குள் இருந்துகொண்டே பொய் கூறும் சமிக்ஞை இதனினும் தீயது. இணைப்புப் பெட்டியில் ஈரம் புகுந்து மின்னோட்டம் கசிந்தால், நீர்மட்டம் உள்ளதினும் மிகுதியாகத் தோன்றலாம். எச்சரிக்கை மணி அடிக்காது. தொட்டி நிரம்புமுன்னரே பம்பு நின்றுவிடும். வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிள் மற்றோர் எடுத்துக்காட்டு. அதன் நீண்ட கம்பிகள் இரண்டும் உலைக்கு வெளியே எங்கேனும் உராய்ந்து ஒன்றையொன்று தொட்டுவிட்டால், அவை தொட்ட இடத்தின் வெப்பத்தையே கருவி உலையின் வெப்பமாகக் கொள்ளும். உலை குளிர்ந்துள்ளது எனக் கருதி மேன்மேலும் சூடேற்றும். உலையும் உள்ளிருக்கும் பொருளும் கெடுவதோடு, அருகில் நிற்போர்க்கும் தீங்கு விளையும். ஆதலின், தொடர் அளவுகளை மாதம் ஒருமுறையேனும் வேறொரு வழியில் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். தொட்டியின் அளவுகோல், கையால் வைத்துப் பார்க்கும் வெப்பமானி, முள் நகரும் அழுத்தமானி ஆகிய எளிய கருவிகளே இதற்குப் போதும்.

தெர்மோகப்பிளின் கே வகை ஒரு பாகை வெப்பத்திற்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் மட்டுமே தரும். இத்துணை நுண்ணிய சமிக்ஞை செல்லும் கம்பியை மோட்டாரின் மின்கம்பியோடு ஒரே தட்டில் சேர்த்து இழுத்தால், மோட்டார் இயங்குந்தோறும் அளவு ஆடும். சமிக்ஞைக் கம்பியைத் தனியே இழுத்து, அதன் உலோக உறையைக் கட்டுப்பாட்டு அலமாரி இருக்கும் ஒரு முனையில் மட்டும் நிலத்தோடு இணைப்பதே பெரும்பாலும் உகந்த முறை. அளவு ஆடும் நேரத்தையும், அப்போது எந்த மோட்டார் ஓடியது என்பதையும் குறிப்பேட்டில் எழுதி வந்தால், காரணம் சில நாட்களிலேயே வெளிப்படும்.

மழையும் கடற்காற்றும்

திருவனந்தபுரம் போன்ற கடற்கரை நகரங்களில் இயந்திரங்களை ஈரமும் உப்புக்காற்றும் ஆண்டு முழுவதும் தாக்குகின்றன. ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குகின்றது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடியும் மின்னலும் கூடிய மழை பெய்கின்றது. மழை நாளில் தோன்றி வெயில் நாளில் மறையும் பழுதுகள் பலவும் இணைப்புப் பெட்டிகளிலேயே பிறக்கின்றன. கம்பி பெட்டியின் அடிப்புறமாக நுழைதல் வேண்டும். நுழையுமுன் சற்றுத் தாழ்ந்து வளைந்திருந்தால், கம்பியின் மீது வழியும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். மூடியின் ரப்பர் வளையத்தை மழைக்கு முன் மாற்றுதல் நலம். பச்சை படிந்த செம்பு முனைகளை வெட்டி நீக்கி, புதிதாக அழுத்திப் பொருத்த வேண்டும். திறந்த வெளியில் நெடுந்தூரம் செல்லும் சமிக்ஞைக் கம்பிகளுக்கு மின்னற்காப்பும் வேண்டும்.

கம்பியின் காப்பினை மெகர் கொண்டு சோதிப்பதாயின், முதலில் அக்கம்பியை அட்டையிலிருந்தும் உணர்கருவியிலிருந்தும் கழற்றிவிட வேண்டும். மெகரின் 500 வோல்ட் மின்னழுத்தம் 24 வோல்ட் அட்டையை நொடியில் எரித்துவிடும்.

பழுதைத் தீர்மானிக்கும் நிரல்

உணர்கருவி கெட்டதா என்பதை நிரலே தீர்மானிக்கும்படி அமைப்போர் நான்கு கேள்விகளுக்கு விடை கண்டாக வேண்டும். எவ்வளவு நேரம் அளவு தவறாக இருந்தால் அதனைப் பழுது என்று கொள்வது? அந்நேரம் இயல்பான அதிர்ச்சிகள் அடங்குவதற்குப் போதியதாகவும், அபாயம் விளைவதற்கு முன் முடிவதாகவும் இருத்தல் வேண்டும். அளவு மீண்டும் செம்மையுற்றால் என் செய்வது? தீர்ப்பை நீக்குவதா, மனிதர் வந்து பார்க்கும் வரை வைத்திருப்பதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்தல் வேண்டும். உணர்கருவிகள் பல இருப்பின், அவை உண்மையிலேயே தனித்தனியானவையா? ஒரே தாங்கியிலும், ஒரே மின்வழங்கியிலும், ஒரே அட்டையிலும் அமைந்த மூன்று கருவிகள் ஒருமுகமாகக் கூறினாலும், அதனை மூவர் சாட்சியமாகக் கொள்ளலாகாது. இறுதியாக, சமிக்ஞை அற்றுப்போனால் இயந்திரம் எந்நிலையை அடையும்? நிறுத்தும் பொத்தான்களை இயல்பாக மூடிய தொடர்பாக அமைப்பதன் காரணம் இதுவே. கம்பி அறுந்தாலும் இயந்திரம் நின்றுவிடும்.

பழுதறியும்போது செய்யும் ஒரு செயல் பெருந்தீங்குக்கு இடமாகும். சமிக்ஞை வராத முனையைக் கம்பித் துண்டால் இணைத்தோ, நிரலில் வலிந்து "உண்டு" என்று வைத்தோ இயந்திரத்தை ஓட்டுவது சில இடங்களில் வழக்கமாக உள்ளது. அவ்வாறு செய்த கணமே மோட்டார் சுழலத் தொடங்கலாம். அதன் அருகில் ஒருவர் கை வைத்திருக்கலாம். அவசர நிறுத்தம், பாதுகாப்புக் கதவு ஆகியவற்றின் சமிக்ஞைகளை எக்காரணத்தாலும் இங்ஙனம் மாற்றலாகாது. ஏனைய சமிக்ஞைகளைச் சோதனைக்காக மாற்ற நேர்ந்தால், இயந்திரத்தருகில் எவரும் இல்லை என்பதை உறுதி செய்து, மாற்றத்தைக் குறிப்பேட்டில் பதிந்து, வேலை முடிந்ததும் நீக்கி, நீக்கியதையும் பதிய வேண்டும்.

பள்ளியில் செய்யத்தக்க சோதனை

மெய்ச் சமிக்ஞையைப் பழுதென மயங்குவது எங்ஙனம் என்பதை ஆசிரியர்கள் வகுப்பில் எளிதிற் காட்டலாம். இக்காலக் கைப்பேசிகளில் முடுக்கமானி உண்டு. அதன் அளவுகளைக் கோடாக வரைந்து காட்டும் செயலிகளும் கிடைக்கின்றன. கைப்பேசியை மேசைமேல் அசையாது வைத்தால், அது நொடி வர்க்கத்திற்கு ஏறத்தாழ 9.8 மீட்டர் என்னும் அளவைக் காட்டும். புவியீர்ப்புக்கு எதிராக மேசை அதனைத் தாங்குவதே காரணம். பின்னர் மேசையின் ஓரத்தை விரல் கணுவால் தட்டினால், கோடு கூர்மையாக எழுந்து உடனே தாழும். கைப்பேசி தன் இடத்தைவிட்டு நகரவில்லை. ஆயினும் அளவு பொய்யன்று. அதனைப் பழுதென்று தள்ளுவதற்கு எத்தனை மில்லிநொடி காத்திருக்க வேண்டும் என்று மாணவர்களைக் கேட்கலாம். மெதுவாகத் தட்டியும் பலமாகத் தட்டியும், மடித்த துணியின்மேல் கைப்பேசியை வைத்தும் வேறுபாடுகளைக் குறிக்கச் செய்யலாம். துணி அதிர்வைக் குறைக்கின்றது. காத்திருக்கும் நேரம் தவறான தீர்ப்பைத் தடுக்கின்றது. 2022-ல் நேர்ந்த தோல்விக்குப் பின் செய்யப்பட்ட திருத்தங்களும் இவ்விரு வகையினவே என்பதை மாணவர்கள் தாமே கண்டுகொள்வர்.

களப்பணியாளர்கள் தம் நிலையத்தில் உள்ள ஒவ்வோர் உட்சமிக்ஞைக்கும் ஒரு தாளை ஒதுக்கி, உணர்கருவியின் வகை, கம்பியின் எண், அட்டையின் முனை, பழுதற்ற நிலையில் அளந்த மின்னழுத்தம் அல்லது மின்னோட்டம் ஆகியவற்றை எழுதி வைத்தல் நலம். இயந்திரம் நன்கு ஓடும் நாளிலேயே இவ்வளவுகளை எடுத்து வைக்க வேண்டும். பழுது நேர்ந்த இரவில், எது இயல்பு, எது மாறியது என்பதை அத்தாளே காட்டும்.